மண் சாலைக்கும் தார்ச் சாலைக்கும் ஒரே வண்டி



இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில் தோட்டத்துச் செம்மண் சாலை எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உழுதுவிட்டுப் போன தடத்தில் மோட்டார் சைக்கிள் இறங்கினால், தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். சாதாரணக் கார் என்றால் அடிவயிறு மண்ணில் தட்டி அங்கேயே நின்றுவிடும். அந்த நேரத்திலும் உறுமிக்கொண்டு ஏறிப் போகிற வண்டி ஒன்று உண்டு. முன்பெல்லாம் அது துரையிடமும் தோட்ட ஆபீசிலும்தான் இருந்தது. எந்தக் கம்பெனி செய்த வண்டியானாலும் நாம் அதை ஜீப்பு என்றே சொன்னோம். இன்று நம் பிள்ளைகளே பழைய வண்டியாகப் பார்த்து வாங்கி ஓட்டுகிறார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்று அதற்குப் பெயர்.

சேற்றில் ஏறும் திறமையும், தார்ச் சாலையில் உடம்பு அலுங்காமல் போகும் சுகமும் ஒரே வண்டியில் கிடைக்குமா? இதுதான் இன்றைக்கு நாம் பேசப்போகும் விஷயம். வண்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்று எண்ணி வானொலியை மூடிவிடாதீர்கள். அந்த வண்டியில் ஏறி உட்காருகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பேராக்கில் ஒரு தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறது. தகப்பனார் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் நிலத்தில் செம்பனை போட்டிருக்கிறார்கள். மூத்த மகன் இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். தாயாருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் பட்டணத்துக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வீட்டிலிருந்து 6 கிலோமீட்டர் செம்மண் சாலை. அதன் பிறகு 35 கிலோமீட்டர் தார்ச் சாலை.

மகனுக்கு வண்டியின்மேல் ஆசை. கூட்டாளிகள் சொன்னதைக் கேட்டு, பின்னால் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு ஸ்பிரிங்கைத் தடிப்பாக்கினார். வண்டியைத் தூக்கி உயரமாக்கினார். சேற்றுக்கென்றே செய்த, பெரிய பெரிய கட்டைகளாகப் பள்ளம் வெட்டிய டயர்களைப் போட்டார். எந்த மழையிலும் அந்த வண்டி நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மாதம் கழித்துத் தாயார் சொன்னார்: "தம்பி, அந்த ஊசி குத்துறதக்கூடப் பொறுத்துக்கிறேன்யா. இந்த வண்டியில திரும்பி வர்றத நெனச்சாத்தான் பயமா இருக்கு. நாளைக்கு நான் வரல." நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து சோர்ந்து வரும் உடம்பு அது. ஒரு முறை போகாமல் விட்டால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இந்தப் பேச்சை ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குகிறோம்.

பிக்கப் வண்டியின் பின் சக்கரங்களுக்கு அருகே குனிந்து பார்த்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் தெரியும். அதுதான் பட்டை ஸ்பிரிங். ஏறக்குறைய 1 டன் பாரத்தைத் தாங்கும்படி அதைச் செய்திருப்பார்கள். குலை ஒன்று 20 கிலோ என்றால் 50 குலை ஏற்றினால் 1 டன். அவ்வளவு ஏற்றிய நாளில் வண்டி மெத்தென்று போகும். காலியாக ஓட்டினால் துள்ளும். பால் மரம் வெட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். காண்டாக் கம்பின் இரு பக்கமும் பால் நிரம்பிய வாளி தொங்கினால் கம்பு தோளில் இதமாக ஏறி இறங்கும். காலி வாளியோடு நடந்தால் கடகடவென்று குதிக்கும். 1 டன்னுக்குச் செய்த ஸ்பிரிங்கின்மேல் 50 கிலோ எடையுள்ள ஒரு தாயார் உட்கார்ந்தால், ஸ்பிரிங்குக்கு அவர் இருப்பதே தெரியாது. பள்ளம் கொடுக்கிற அடி நேரே இடுப்புக்குப் போய்ச் சேரும். போதாததற்கு, பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் சின்னச் சின்ன அதிர்வுக்கு அவை வளைந்தே கொடுப்பதில்லை. அதில் இன்னும் இரண்டு பட்டை கூடினால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

காண்டாக் கம்பை இன்னும் கீழே வைக்க வேண்டாம்; அதில் மற்றொரு பாடமும் இருக்கிறது. பழைய ஜீப்புகளில் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சில் மாட்டியிருப்பார்கள். கம்பின் ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழ்வதுபோல, ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மற்றது பள்ளத்துக்குள் அழுந்தும். கரடுமுரடான பாதையில் இது பெரிய நன்மை. தரையைத் தொடாத சக்கரம் இழுக்காது அல்லவா? அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியும் தரையிலிருந்து எப்போதும் ஒரே உயரத்தில் நிற்கும். ஆனால் தார்ச் சாலையில் அதே அச்சு தொல்லை. இடது சக்கரம் ஒரு குழியில் விழுந்தால் வலது சக்கரமும் அசைகிறது. கனத்த அச்சு முழுவதும் குதிக்கிறது.

கார்களிலும், இக்காலப் பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்திலும், சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒரு சக்கரம் படும் அடி மற்றதற்குத் தெரியாது. அதனால் சுகம். ஆனால் சக்கரம் மேலே ஏறும்போது வண்டியின் வயிறு தரைக்கு நெருங்கி வருகிறது. பெரிய பள்ளத்தில் சக்கரம் எட்டாமல் தொங்குவதும் உண்டு.

இந்த இரண்டையும் இணைக்க முயன்றவர்களின் கதை சுவையானது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த வாகனக் கண்காட்சியில் ஆங்கிலேய நாட்டு ரோவர் கம்பெனி தன் முதல் லேண்ட்ரோவரைக் காட்டியது. யுத்தம் முடிந்து மூன்றாண்டுதான். இரும்புத் தகடு தட்டுப்பாடு என்பதால் உடல் பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். குடியானவனுக்கு ஏர் இழுக்கவும் பாரம் சுமக்கவும் செய்த வண்டி. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். உட்காருகிறவனின் முதுகைப் பற்றி அதில் யாரும் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கேமரன் மலைக்குப் போனவர்கள் அந்தப் பழைய லேண்ட்ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். சாயம் போய், தகடு நெளிந்து, முட்டைகோசும் கீரையும் ஏற்றிக்கொண்டு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நாம் சிரிக்க மாட்டோம். அவற்றுக்கு வேலை செங்குத்தான மேட்டில், குறுகிய பாதையில், நிறைந்த பாரத்தோடு, மெதுவான ஓட்டத்தில். அந்த வேலைக்கு அவை பொருத்தமானவை. தைப்பூசத்துக்கு அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பத்துமலைக்குப் போவதற்கு அந்தக் கமக்காரரே விரும்ப மாட்டார்.

அதே ரோவர் கம்பெனி 1970-இல் ரேஞ்ச் ரோவர் என்ற வண்டியை வெளியிட்டது. அதன் பொறியியலாளர்கள் ஒரே இரும்பு அச்சை விடவில்லை. பட்டை ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துவிட்டு, நீளமான, மிருதுவான சுருள் ஸ்பிரிங்கை வைத்தார்கள். தார்ச் சாலையில் வண்டி மிதப்பதுபோல் போயிற்று. ஆனால் வியப்பு அதுவல்ல. சேற்றிலும் மேட்டிலும் அது பழைய லேண்ட்ரோவருக்குக் கொஞ்சமும் இளைக்கவில்லை. ஏன்? நீளமான மிருதுவான ஸ்பிரிங், சக்கரத்தைப் பள்ளத்தின் அடிவரை இறங்க விடுகிறது. சக்கரம் தரையை விடாவிட்டால் வண்டி ஏறும்.

ஆகவே, ஏறுகிற வண்டி என்றால் முரட்டு வண்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுவது பாதிதான் சரி. சேற்றுக்கும் சுகத்துக்கும் இடையே உண்மையில் பகை மூட்டுவது பாரம். 1 டன் தாங்க வேண்டும் என்றவுடன் ஸ்பிரிங் தடிக்கிறது. ஸ்பிரிங் தடித்தால் சுகமும் போகிறது, பள்ளத்தில் சக்கரம் இறங்குவதும் குறைகிறது. ரேஞ்ச் ரோவரில் இதற்காகவே, பாரம் ஏற்றினால் பின்பக்கம் தணிந்துவிடாமல் தானாக மட்டப்படுத்தும் கருவி ஒன்றைப் பின்னச்சின்மேல் வைத்தார்கள். அது விலை உயர்ந்த வண்டி, செய்ய முடிந்தது. உழைக்கிற லேண்ட்ரோவருக்குச் சுருள் ஸ்பிரிங் வந்தது 1983-இல்தான்.

பிக்கப் வண்டிகளிலும் இந்த முயற்சி நடந்தது. 2014-இல் புதிதாக வெளிவந்த நிசான் நவாராவின் இரட்டை வரிசை வண்டியில் பின்னால் சுருள் ஸ்பிரிங்கை வைத்தார்கள். காலியாக ஓட்டும்போது மற்ற பிக்கப்புகளைவிட அலுங்கல் குறைவு. ஆனால் ஆஸ்திரேலியாவில் கனத்த பாரம் ஏற்றியவர்களும் இழுவை வண்டி மாட்டியவர்களும் பின்பக்கம் தணிகிறது என்று குறை சொன்னார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனி அந்த ஸ்பிரிங்கை மாற்றி மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. தராசில் ஒரு தட்டை உயர்த்தினால் மற்றது தாழத்தான் செய்கிறது. டயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகள் பின்னால் பட்டை ஸ்பிரிங்கை விடாமல் வைத்திருப்பது பாரத்தை நினைத்துத்தான்.

இனி உயரத்தைப் பற்றி. வண்டி உயர்ந்தால் வயிறு தட்டாது என்பது எல்லாருக்கும் தெரியும். உயரக் கட்டிய சுமை சாயும் என்பதும் தெரியும். ஆனால் வண்டி என்று வரும்போது மறந்துவிடுகிறோம். உயர்த்திய வண்டி வளைவில் அதிகம் சாயும். திடீரென்று திருப்பினால் கவிழவும் கூடும். பின்தட்டில் ஆட்களை நிறுத்திக்கொண்டு போனால் பாரம் இன்னும் மேலே ஏறுகிறது. அந்த ஆட்களைப் பிடித்துக்கொள்ள ஒரு வாரும் இல்லை. வேலைக்காட்டுக்குப் போகிற அவசரத்தில் இதைச் செய்கிறவர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியில்லாமல் வண்டியை இப்படி மாற்றுவதற்குச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை.

டயர் பெரிதானால் எல்லாம் சரியாகும் என்பாரும் உண்டு. 1971, 1972 ஆண்டுகளில் ஆங்கிலேயப் படையினர் இரண்டு ரேஞ்ச் ரோவர்களை அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடிவரை ஓட்டிச் சென்றார்கள். நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சாலையே இல்லாத டேரியன் காடு. அங்கே சதுப்புநிலத்துக்கென்று மாட்டிய பெரிய டயர்களும் அளவுமீறிய பாரமும் சேர்ந்து, பின்னச்சின் பல்சக்கரப் பெட்டிகளை உடைத்துவிட்டன. சேற்றுக்கென்று போட்ட டயரே சேற்றில் வண்டியை நிறுத்திவிட்டது.

நம் குடும்பத்துக்கு வருவோம். ஒருநாள் மழையில், பட்டணத்தை நெருங்கும் வளைவில், முன்னால் போன லோரி நின்றதும் மகன் பிரேக்கை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய்ப் புல்தரையில் ஏறி நின்றது. யாருக்கும் அடியில்லை. "நாலு சக்கரத்துலதானே போட்டிருந்தேன், எப்படி வழுக்குச்சு?" என்பதுதான் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது.

இந்தக் கேள்வி பலருக்கும் உண்டு. நான்கு சக்கரமும் இழுப்பது வண்டி புறப்படவும் ஏறவும் உதவும். நிறுத்துவதற்கு உதவாது, பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தானே இருக்கிறது? சேற்று டயரின் பெரிய கட்டைகள் மண்ணைக் கவ்வும். ஈரத் தாரில் அவை தொடும் பரப்பு குறைவு என்பதால் பிடிமானமும் குறைவு. இரைச்சல் வேறு. அதோடு இன்னொரு தவறும் நடந்திருந்தது. கும்மியடிக்கும்போது வட்டத்தின் வெளியே நிற்கிறவள் உள்ளே நிற்கிறவளைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். வண்டி வளையும்போது முன் சக்கரங்கள்தாம் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடுகின்றன. பெரும்பாலான பிக்கப் வண்டிகளில், நான்கு சக்கர இழுப்பைப் போட்டவுடன் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி கட்டுப்பட்டுவிடும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் சறுக்க இடமில்லை. வண்டி இறுகிக்கொண்டு திரும்ப மறுக்கும், டயர் தேயும், உள்ளே பல்சக்கரம் முறுகும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும்படி, நடுவில் தனிப் பல்சக்கரப் பெட்டி வைத்துச் செய்த வண்டிகள் வேறு. ரேஞ்ச் ரோவர் அப்படிப்பட்டது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை வண்டியோடு வரும் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் இல்லாவிட்டால், தார்ச் சாலை வந்தவுடன் இரண்டு சக்கரத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது.

அந்தப் பயத்துக்குப் பிறகு, மகன் பட்டணத்தில் ஒரு வயதான போர்மனிடம் வண்டியைக் கொண்டுபோனார். போர்மன் வண்டியின் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, மாசத்துல எத்தன நாளு பழம் ஏத்துறீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு, மூணு நாளு இருக்கும் அண்ணே."

"அம்மாவ எத்தன நாளு ஏத்துறீங்க?"

மகன் கணக்குப் பார்த்தார். பன்னிரண்டு, பதின்மூன்று நாள். வண்டியோ அந்த இரண்டு மூன்று நாளுக்காகக் கட்டப்பட்டிருந்தது.

கூடுதலாகப் போட்ட பட்டைகளைக் கழற்றினார்கள். உயரத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கே இறக்கினார்கள். அப்சோர்பர் நான்கும் களைத்துப் போயிருந்தன, புதிதாக மாற்றினார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஸ்பிரிங்கைக் குறை சொல்லுமுன் இதைப் பார்க்க வேண்டும். துள்ளலை அடக்குவது அப்சோர்பரின் வேலை; அது கெட்டால் எந்த ஸ்பிரிங்கும் குதிரைதான். சேற்று டயருக்குப் பதிலாக மண்ணுக்கும் தாருக்கும் நடுத்தரமாகச் செய்த டயர் வந்தது. அது சேற்றில் முன்னதைப்போல் கவ்வாது. ஆனால் 6 கிலோமீட்டர் மண்ணுக்காக 35 கிலோமீட்டர் தாரில் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. பழம் வெட்டும் நாளில் 1 டன்னை ஒரே நடையில் அடைக்காமல் இரண்டு நடையாகக் கொண்டுபோகிறார்கள். எண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடியிருக்கிறது. தகப்பனார் அதைப் பற்றி இன்னும் முணுமுணுக்கிறார்.

இன்னொரு மாற்றத்துக்கு ஒரு காசும் செலவில்லை. தாயார் இதுவரை கால் நீட்டிக்கொள்ளலாம் என்று பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தார். பிக்கப்பில் பின் இருக்கை பின்னச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் உதை அங்கேதான் அதிகம். முன் இருக்கையோ இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் வருகிறது. இப்போது அவரை முன்னால் உட்கார வைத்து வார் போட்டு அழைத்துப் போகிறார்கள்.

சேற்று டயர் இல்லாமல் மழை நாளில் எப்படி ஏறுகிறார்கள் என்று கேட்பீர்கள். காற்றில் இருக்கிறது வித்தை. ஒரு சக்கரம் 500 கிலோ சுமக்கிறது என்று வையுங்கள். டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால், அது தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய இரண்டு கை அகலம். 20 பவுண்டுக்குக் குறைத்தால் மூன்று கை அகலமாகிறது. டயர் மண்ணில் புதையாமல் பரவி நடக்கிறது. கல்லின் அடியையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. மண் பாதையில் ஏறவும் சுகமாகப் போகவும் இது ஒருசேர உதவுகிறது. ஆனால் காற்றுக் குறைந்த டயரோடு வேகமாக ஓட்டக் கூடாது. 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. தார்ச் சாலை வந்ததும், ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குத் திரும்ப அடித்துவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் தாரில் வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும். பாரம் ஏற்றும் நாளைக்கு அதே சீட்டில் வேறு அளவு இருக்கும், அதையும் பாருங்கள். செங்குத்தான வழுக்கலில் மெதுவான கியரைப் போட்டுக்கொண்டு, எண்ணெயை அதிகம் கொடுக்காமல் நிதானமாக ஏறினால் போதும். வேகமாக முடுக்கினால் சக்கரம் குழிதான் தோண்டும்.

அந்தக் குடும்பத்தார் பேட்டரியில் மாட்டி ஓட்டும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பலத்த மழை பெய்த மறுநாள் மட்டும் அது வெளியே வரும். செம்மண் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. நான்கு டயருக்கும் காற்றடித்து முடிக்கக் கால் மணி நேரமாவது ஆகிறது. தாயாருக்கு நீர் அளவு வைத்திருப்பதால் அவர் தேநீர் குடிப்பதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைக்கார அம்மாவோடு பேசியபடி உட்கார்ந்திருப்பார். மகன் கடைசி டயரின் மூடியைத் திருகியதும், "ஆச்சாய்யா? நேரமாச்சு, போவோம்" என்று அவரே சொல்கிறாராம்.